அனுப்புநர்: தலைவர்

வேலைக்கு வந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் சர்வர் கணினியின் முதுகில் வைத்துச் சூடேற்றிக்கொள்வார் றொனால்ட். ஹட்டனில் டிவி பழுதுபார்த்த காலத்திலும் அப்படித்தான். கை காயும்வரை எந்தப் பெட்டியையும் கழற்றமாட்டார். அவர் இருந்த தோட்டக் குடியிருப்பான லயத்திலேயே வளர்ந்த சுதர்ஷினி இதைச் சிறுவயதிலிருந்தே பார்க்கிறாள். இப்போது இருவருக்கும் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. அவர் கணினிகளுக்குப் பொறுப்பு. அவள் கடிதமும் கணக்கும் எழுதும், பட்டம் பெற்ற இலிகிதர்.

சங்கத்து வெப்மெயிலில் எழுதினால் அனுப்பியவர் இடத்தில் சர்வரின் பெயர் விழுந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் முகவரியைப் பதியச் சொன்னார்கள். றொனால்ட் எல்லோருக்கும் சங்கத் தலைவர் செல்லசாமியின் முகவரியையே பதிந்துவைத்தார்.

இது தெரியாமல் சுதர்ஷினி கண்டியில் ஓர் ஆய்வு நிலையத்துக்கு விண்ணப்பித்தாள். பணியிட மெயிலிலிருந்தே அனுப்பவேண்டும் என்பது அவர்கள் விதி. நேர்முகத்துக்கான அழைப்பு தலைவருக்கு வந்தது. அழைத்த இடமெல்லாம் போய்ப் பழகியவர், சால்வையோடு போய்வந்தார்.

"நல்ல மனுசங்க. டீ குடுத்தாங்க. எத்தன வருசம் வேல செய்வீங்கன்னாங்க. சாகுற வரைக்கும்னேன்" என்று சங்கத்தில் வந்து சொன்னார்.

சான்றிதழில் இருந்த பெண் பெயரைப் பதிவுப் பிழை என்று எடுத்துக்கொண்டார்களாம். மலையகத்தில் நடக்காததா?

சுதர்ஷினி றொனால்டிடம் பாய்ந்தாள்.

"கூரைக்கு ஒரு தகரம் கேக்கணும்னாலும் தலைவரு மூலமாத்தானே போறோம்? நம்ம பேர்ல போனா யாரு மதிப்பா தங்கச்சி?" என்றார். பிறகு இறங்கிவந்தார். "கோவிச்சுக்காத. ஒம் பேர போட்டுத் தாரேன்."

ஆய்வு நிலையத்துக்குப் போனில் பேசினாள். எழுத்தில் தரச் சொன்னார்கள். றொனால்ட் மாற்றியிருப்பார் என்று நம்பி, 'அந்தப் பட்டம் தலைவருடையது அல்ல' என்று எழுதி அனுப்பினாள். அதுவும் தலைவர் முகவரியிலிருந்தே போனது. அவருக்கே பதிலும் வந்தது.

'ஐயா, தங்கள் பணிவு எங்களை நெகிழவைத்தது. வியாழனன்று இறுதித் தேர்வுக்கு வாருங்கள்.'

வியாழன் காலை நாற்காலியை இழுத்துவந்து றொனால்டின் அருகில் போட்டு உட்கார்ந்தாள்.

"என் பேரு விழாம எந்திரிக்க மாட்டேண்ணே."

படித்து வாங்கிய பெயரை இப்படிக் கெஞ்சித்தான் வாங்கவேண்டுமா என்று அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. அவர் தலைவரின் முகவரியை அழித்து, அவளுடையதைத் தட்டினார். ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. 'சேமி' என்ற பொத்தானுக்கு வந்ததும் கை நின்றது.

"ஒரு வார்த்த தலைவர்கிட்ட சொல்லிருவோம். பெரிய மனுசன்."

போனில் வேன் இரைந்தது. "கம்பளை தாண்டிட்டோம் தம்பி. கண்டியில இன்டவியூ இருக்கில்ல? நான் வார வரைக்கும் எதையும் மாத்தாத."

தலைவரோடு பேசுவதால் எழுந்து நின்றிருந்த றொனால்ட், "சரிங்க, சரிங்க" என்றபடியே குனிந்து, ஒற்றை விரலால், அவள் பெயரை எழுத்தெழுத்தாக அழித்துக்கொண்டிருந்தார்.