வேற டிபார்ட்மெண்ட் பிள்ளை

ஒரு அக்காளையும் தம்பியையும் பிரித்து, வேறு வேறு வண்டிகளில் ஏற்றி அனுப்பியவன் நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பெண் கெஞ்சியது என் காதில் தெளிவாக விழுந்தது.

அப்போது தல்லாகுளத்தில் குழந்தைகளுக்கான அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருந்தேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கிடந்த ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் போலீஸ்காரர்கள் கொண்டுவந்தார்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் கூலி வேலை பார்த்த குடும்பம். கணவன் செத்த பிறகு அவளுக்குப் புத்தி தடுமாறியிருந்தது. அவளை மனநல வார்டில் சேர்த்தோம். மகளுக்குப் பத்து வயதிருக்கும். மகனுக்கு நான்கு.

வந்த பிள்ளைகளைச் சாயங்காலத்துக்குள் எங்காவது சேர்த்துவிடுவது எங்கள் அலுவலகத்தின் பெருமை. பெண்பிள்ளைகளுக்கு ஒரு இல்லம், சிறு குழந்தைகளுக்கு இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு நிர்வாகம். உடன்பிறந்தவர்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற சட்டத்தைப் படித்தவன்தான் நான். ஆனால் அதற்குப் பல இடங்களில் பேச வேண்டும், இரண்டு மூன்று நாள் இழுக்கும். வயதையும் காலி இடத்தையும் பார்த்து அனுப்பிவிடுவது சுலபம்.

அந்தப் பெண் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவன் பேச மாட்டான் சார். அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத்தான் தெரியும். என்னையும் அவங்கூடவே அனுப்புங்க சார்."

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அந்த நாளை வரவே இல்லை. மூன்று பேருக்கும் ஒரே நாளில் இடம் பிடித்ததைப் பார்த்து எங்கள் கிளார்க் சிரித்தார். "சார் கல்யாண வீட்டுல பந்தி பிரிக்கிற மாதிரில்ல பிரிச்சுட்டாரு." நானும் சிரித்தேன்.

சில வருடங்கள் கழித்து, நான் ஓய்வுபெறப் போகும் சமயத்தில், அந்தத் தாய் குணமாகி வந்தாள். சலவை செய்த சேலை, வாரிய தலை. பிள்ளைகளைக் கேட்டாள். மகள் இருக்கும் இடம் சொன்னேன். மகனைப் பற்றிக் கேட்க அந்தச் சிறு குழந்தைகள் இல்லத்துக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பய இப்ப இங்க இல்லண்ணே. அவன் வேற டிபார்ட்மெண்ட் பிள்ளை ஆயிட்டான்" என்றார் அங்கிருந்தவர், சர்வசாதாரணமாக.

அவன் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. காது கேளாதவன் என்று முடிவு கட்டி, வேறு மாவட்டத்தில் காது கேளாதோர் பள்ளி விடுதிக்கு அனுப்பியிருந்தார்கள். அது வேறு துறை. எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. போனை வைக்கும் முன் அந்த விடுதியின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

தாயையும் மகளையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். விடுதி வராந்தாவில் அவன் வந்து நின்றான். பின்னால் எங்கோ ஒரு தட்டு விழுந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தான். அவனுக்குக் காது நன்றாகக் கேட்டது.

அக்காள் குனிந்து என்னவோ கேட்டாள். அவன் இரண்டு கைகளாலும் வேகவேகமாகப் பேசினான். விடுதியில் கற்றுக்கொடுத்த சைகை. அவள் அவன் கைகளையே பார்த்தாள், பிறகு அம்மாவை, பிறகு என்னை.

"இவன் சொல்றது எனக்கு ஒண்ணுமே வெளங்கல சார்."



அதன்பின் என்னால் முடிந்ததைச் செய்தேன். அலுவலகம் அலுவலகமாக நடந்து பிள்ளைகளைத் தாயிடம் சேர்த்தேன். காதைச் சோதிக்க வைத்தேன். பேச்சுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தேன். ஓய்வுக்குப் பிறகு, துறைகளை ஒன்றாக இணைப்பது பற்றிய ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது, நடந்ததை என் பெயரிலேயே சொன்னேன். ஒரு குடும்பத்துக்கு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். எல்லோரும் தலையசைத்தார்கள். அப்படி ஒருவரை நியமிக்கவும் செய்தார்கள். போய்ப் பார்த்தேன். மற்ற அலுவலகங்களில் கடிதம் வாங்கிக்கொண்டு வந்தால்தான் அவரைப் பார்க்க முடியுமாம். இருந்த கதவுகளோடு இன்னொரு கதவு. ஆனாலும் இப்போது உடன்பிறந்தவர்களைப் பிரிப்பதென்றால் யாராவது ஒருவர் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. கிடைத்தது அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அக்காள் தம்பியிடம் அந்தச் சைகைகளைக் கற்றுக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றிரண்டு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தான். என் முன்னால் மட்டும் பேசுவதில்லை.

கடைசியாகப் போன அன்று தாய் என்னை வாசலிலேயே நிறுத்தினாள். குரலில் கோபம் இல்லை. "தப்பா நெனைக்காதீங்க சார். இனிமே வராதீங்க. உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே துணிய எடுத்துப் பையில வைக்கிறான்."

அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். அழவில்லை. கிளம்பத் தயாராக இருந்தான்.

பழத்தை வாசலில் வைத்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே வந்தேன். அதன்பின் அந்தத் தெருப்பக்கம் நான் போவதில்லை.