தறி நின்றால் கையும் நிற்கும்

என்னைப் போன்ற ஒருத்தி எழுத வந்ததை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சீனி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று கடைச் சீட்டுத்தான். ஆனால் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்த ஒரு விசயத்தைத் தேத்தண்ணிக் கடையில் நாலு விதமாகச் சொல்கிறார்கள். நாலிலும் நான் செய்யாத வேலையெல்லாம் செய்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

நாங்கள் மருதமுனையில் இருக்கிறோம். நான் வீட்டில் தறி நெய்கிறேன். என் கணவர் ஒரு பழைய ஜீப் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடுகிறார். நாலு சில்லும் இழுக்கும் ஜீப்தான், ஆனால் அந்தக் காலத்து வண்டி. உள்ளே லீவரைப் போட்டால் மட்டும் போதாது. இறங்கிப் போய், முன் சில்லு இரண்டின் நடுவிலும் இருக்கிற மூடியைக் கையால் திருகி லொக் பண்ண வேண்டும். அப்போதுதான் முன் சில்லுகள் இழுக்கும். அந்த மூடியும் அதற்குள் இருப்பவையும் சேர்ந்ததுதான் ஹப். வருடத்துக்கு ஒரு தடவையாவது, சேற்றுத் தண்ணீருக்குள் இறங்கினால் இன்னும் சீக்கிரமாக, அதைக் கழற்றிக் கழுவிக் கிறீஸ் போட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முந்தி அவர் அதைக் கழற்றினார். கழற்ற அரை மணித்தியாலம்தான் எடுத்தது. பூட்டத் தெரியாமல் சாமான்கள் இரண்டு நாள் என் குசினிப் பேசினுக்குள் கிடந்தன. எனக்குப் பேசின் தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான இழையை வரிசை மாறாமல் கோர்க்கிறவளுக்குப் பத்துப் பன்னிரண்டு இரும்புத் துண்டு பெரிய காரியமில்லை. பாயில் ஒவ்வொன்றாகப் பரப்பி, தேய்ந்த பக்கத்தைத் தேய்ந்த பக்கத்தோடு சேர்த்துப் பார்த்தேன். எல்லாம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

கிறீஸ் போடுவதும் அப்படியே பழகியது. பேரிங் நன்றாகச் சாப்பிடும். கிறீஸை உள்ளங்கையில் வைத்து, மறுபக்கத்தால் பிதுங்கும்வரை அழுத்தித் திணிக்க வேண்டும். லொக் விழுகிற பல்லு வளையத்துக்கு அது ஆகாது. ரொட்டிக் கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லப் பூசினால் போதும். கூடினால் வளையம் நகராமல் ஒட்டிக்கொள்ளும்; வெளியே மூடியைத் திருகினாலும் உள்ளே லொக் விழாது. தறியிலும் எண்ணெய் கூடினால் பஞ்சு ஒட்டி இழுபடும். எனக்கு அது புது விசயமில்லை.

அன்றிலிருந்து ஹப் வேலை என்னுடையது, பெயர் அவருடையது. ஆட்கள் வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள். அவர் கழற்றிக் கொண்டுவந்து தருவார், நான் குசினிக்குப் பின்னால் வைத்துச் செய்து கொடுப்பேன். தேத்தண்ணிக் கடையில் அவரை 'ஹப் காக்கா' என்று கூப்பிடத் தொடங்கினார்கள்; எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். முதுகு வலியால் மூட்டை தூக்கும் வேலையை விட்ட பிறகு அவர் தலை நிமிர்ந்து நடந்தது அந்தப் பெயரால்தான். எனக்கும் அது வசதி. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு ஊசியில் நூல்கூடக் கோர்க்க வராது.

போன மாரி தொடங்கும்போது நாவிதன்வெளியிலிருந்து ஒரு அண்ணன் ஜீப்போடு வந்தார். வயல்காரர், நரைத்த மீசை.

"ஹப்ப ஒரு கராச்சில குடுத்தன் தம்பி. கிறீஸ அள்ளி அப்பி உட்டுட்டானுகள். லொக் விழல்ல. வயலுக்குள்ள தாண்டு, ட்ரக்டர் வந்துதான் இழுத்த. நாளைக்கு விதநெல்லு ஏத்தோணும். இந்தத் தரம் நான் இருந்து பாத்துட்டுத்தான் போவன்."

"இருந்து பாக்கவா?" என்றார் இவர்.

"ஓம். ஏன், கூச்சமா?"

இவர் சாவி எடுக்கிற சாட்டில் உள்ளே வந்தார்.

"புள்ள, அந்தாள் போறாரில்ல."

"போகச் சொல்லுங்க."

"வாளியக் கவுத்துப் போட்டு இருந்திட்டாரு!"

தறி முன் அறையில், ஜன்னலோரம் இருக்கிறது. சீலை இடுக்கால் முற்றம் தெரியும். எனக்கு ஒரு யோசனை வந்தது.

"நீங்க சரியாச் செஞ்சா நான் நெய்துட்டே இரிப்பன். பிழ விட்டா தறிய நிப்பாட்டுவன். தறி நிண்டா நீங்களும் கைய எடுத்திருங்க."

முதலில் நன்றாகத்தான் போனது. பேரிங்குக்குக் கஞ்சத்தனமாகப் பூசினார், நிறுத்தினேன். திணித்தார், நெய்தேன். பல்லு வளையத்துக்குக் கல்யாண வீட்டில் சஹன் தட்டுக்குச் சோறு போடுகிற மாதிரி அள்ளினார், நிறுத்தினேன். வழித்தார், இன்னும் வழித்தார், நெய்தேன்.

"இதுக்குக் கொஞ்சந்தானா?" என்று அண்ணன் கேட்டார்.

"பின்ன? இது ரொட்டிக் கல்லு மாதிரி அண்ணன். எத்தின பேருக்குச் சொல்லிட்டன்!"

அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் உள்ளே இருந்து பல்லைக் கடித்தேன்.

எல்லாம் பூட்டி, மூடி மட்டும் மிச்சம் இருந்த நேரத்தில்தான் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் ஒன்று அறுந்தது. பாவு அறுந்தால் மேலே நெய்ய முடியாது, நெய்கிற சாரனில் கோடு விழும். குனிந்து நுனியைத் தேடி முடிச்சுப் போடத் தொடங்கினேன். ஹப்பை மறந்தே போனேன்.

வெளியே இவர் கையை எடுத்திருக்கிறார். தறி சத்தமில்லை. வளையத்தைக் கழற்றித் துடைத்திருக்கிறார். சத்தமில்லை. திரும்பப் பூசியிருக்கிறார். சத்தமில்லை. நட்டைக் கழற்றியிருக்கிறார்.

"தம்பி, அது நல்லாத்தானே இருந்திச்சு?" என்று அண்ணன் கேட்டது என் காதில் விழுந்தது.

"இல்லண்ணன்... ஒரு சின்ன சந்தேகம்."

நிமிர்ந்து பார்த்தேன். ஹப் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. அவ்வளவு பாடுபட்டுத் திணித்த பேரிங்கை மண்ணெண்ணெய்ப் பேசினுக்கு மேலே பிடித்தபடி, இறைவனிடம் துஆக் கேட்கிறவர் போல என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் தறியை அடித்தால் பேரிங்கைக் கழுவுவது சரியென்று ஆகிவிடும். அடிக்காவிட்டால் அடுத்து எஞ்ஜினைக் கழற்றுவார்.

"முதல் செஞ்சதுதான் சரி! நூல் அறுந்து போச்சு!"

என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வருமென்று எனக்கே தெரியாது. பேரிங் பேசினுக்குள் விழுந்தது.

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். பேசினைப் பார்த்தார். கடைசியாக இவரைப் பார்த்தார்.

"நானும் பாத்துட்டுத்தான் இரிந்தன். தறி நிக்கக்குள்ள எல்லாம் உன்ட கையும் நிக்கிது. தாளத்துக்கு வேல செய்யிற ஆளாக்கும் எண்டு நினச்சன்."

இவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"தங்கச்சி," என்றார் அண்ணன், "மழ வரப் போகுது. நீங்களே வந்து போட்டு உடுங்க. நான் அங்கால திரும்பி இரிக்கன்."

சொன்னபடி வாளியைத் தூக்கி வைத்து, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே போனேன். அந்த முதுகையும் வாளியையும் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பேரிங்கைக் காயவைத்துத் திரும்பத் திணித்தேன். வளையத்துக்கு மெல்லப் பூசினேன். இவர் கேட்காமலே சாவிகளை எடுத்தெடுத்துத் தந்தார்.

"தம்பி, திரும்பலாமா?" என்று ரோட்டைப் பார்த்தே கேட்டார் அண்ணன்.

"இன்னும் இல்லண்ணன்," என்றார் இவர். "நட்டு இறுக்கல்ல."

மற்றச் சில்லையும் முடித்து நான் உள்ளே வந்த பிறகுதான் அண்ணன் திரும்பினார். மூடியைத் திருகினார். உள்ளே டக்கென்று விழுந்த சத்தம் எனக்கும் கேட்டது.

அண்ணன் போன பிறகு இவர் கையில் கிறீஸ் இல்லாத இடத்தையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"அந்தாள் கடையில தேத்தண்ணி குடிக்காமப் போகமாட்டாரு," என்றார். "இனி என்னய என்ன சொல்லிக் கூப்பிடுவானுகளோ."

மறுநாள் மழை பெய்தது. விதைநெல்லோடு போன ஜீப் சேற்றில் தாழாமல் திரும்பியதாக அண்ணன் போன் எடுத்துச் சொன்னார். இவரைக் கடையில் 'தறிக் காக்கா' என்று கூப்பிட்டார்களாம். ஹப்புக்கு இரண்டு வண்டி வந்தது. நான் அந்தச் சாரனை நெய்து முடித்தேன்.