ஃபெயின் என்ற சொல்லும் என் அம்மாவும்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது ஒரு சொல்லின் பின்னால் பைத்தியமாக அலைந்தேன். ஃபெயின் என்று ஒரு பழைய ஆங்கிலச் சொல். மனசார, ஆசையோடு என்று பொருள். இப்போது யாரும் பேசுவதில்லை, பழைய கதைகளில்தான் வரும். படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. இந்தச் சொல்லைப் போட்டு ஒருவர் 'போக ஆசை' என்றால், பெரும்பாலும் அவர் போகப்போவதில்லை. பின்னாலேயே ஓர் 'ஆனால்' வந்து நிற்கும். என் செமினாருக்கு இதுதான் என்று முடிவு செய்தேன். நன்றாகச் செய்தால் எம்.ஃபில். சேர, செமினார் எடுக்கும் சாரே கைதூக்கி விடுவார். மில் மூடி அப்பா வீட்டில் இருந்த நேரம். எனக்கு வேறு வழியில்லை.

காலாப்பட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் உட்காரும் வகுப்புத் தோழியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அம்மா கல்லூரிப் பேராசிரியை. "புரியலடி" என்பாள். புரியட்டுமே என்று என் அம்மாவையே உதாரணமாகச் சொன்னேன்.

"எங்கம்மாவுக்கு நர்ஸ் ஆவணும்னு உசுரு. எட்டாவதோட நிறுத்திட்டாங்க. இப்பவும் பெரியாஸ்பத்திரிக்குப் போனா நர்ஸுங்களையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. அதாண்டி ஃபெயின்."

எங்கள் துறையில் பெயரின் முதலெழுத்து வரிசையில்தான் செமினார். அவள் எனக்கு முன்னால். எழுந்து போய் ஃபெயின் என்று ஆரம்பித்தாள். நான் சொன்னது ஒன்றுவிடாமல் வந்தது. தொலையட்டும், தலைப்புதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, தன் அம்மாவுக்கு நர்ஸ் ஆக ஆசை என்றாள். எட்டாவதோடு நின்றதையும் சொன்னாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது என் அம்மா என்று கத்தியிருக்கலாம். யார் நம்புவார்கள்? என் முறை வந்ததும் சார் தலைப்பைப் பார்த்துவிட்டு, "இதேவா? வேற தலைப்புல அப்புறம் செய்ம்மா" என்று உட்கார வைத்துவிட்டார்.

வராந்தாவில் அவளை மறித்தேன். "எங்கம்மாவ எப்படிடி உங்கம்மான்னு சொன்னே?"

"ஒரு உதாரணத்துக்குத்தானேடி. உங்கம்மாவுக்குத் தெரியவா போவுது?" என்று சிரித்தாள். துளி வெட்கம் இல்லை. இவளையா நம்பினோம் என்று உடம்பெல்லாம் எரிந்தது.

உப்பளம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்குப் போனால், அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். அவளைப் பற்றியும் பேசப்போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

"என்னப் பத்திச் சொன்னியா? கேட்டுட்டு என்ன சொன்னாங்க?"

"கை தட்டுனாங்கம்மா" என்றேன்.