ஒரு நெல் போகும் இடைவெளி

தை பிறந்துவிட்டால் எங்கள் ஊர் ரோட்டில் பாதிதான் வண்டிகளுக்கு. மறுபாதி நெல்லுக்கு. கீழ்வேளூரிலிருந்து உள்ளே வரும் தார் ரோட்டில், அறுவடை முடிந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் நெல்லைக் கொட்டிக் காயவைத்துவிடுவார்கள். மினிபஸ் ஓட்டுகிறவர் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கிப் போவார். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும்.

போன வருஷம் அந்த நெல்லில்தான் விழுந்தேன். அதுவும் எங்கள் வீட்டு நெல்லில். நான் பள்ளிக்கூட வாத்தியார். குத்தகை நிலத்தில் சாகுபடி முழுக்க என் மனைவியின் பொறுப்பு. சர்க்கரைக்குப் பயந்து நாற்பத்தெட்டு வயதில் ரோடு பைக் வாங்கி, அதற்கே அடிமையாகிப் போனவன் நான். கட்டைவிரல் அகலத்துக்கு இருபத்து மூன்று மில்லிமீட்டர் டயர், அதில் கல் மாதிரிக் காற்று. பள்ளிக்கூடம் விட்டு வேகமாக வந்தவன், எதிரே நெல்லைப் பார்த்ததும் ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பினேன். நெல்லின் மேல் செருப்புக் காலைக்கூட வைக்காமல் வளர்ந்த உடம்பு, சக்கரத்தை ஏற்ற விடவில்லை. ஓரத்து மணிகளில் முன்சக்கரம் வழுக்கியது. தோள் போய் ரோட்டோர வாய்க்கால் மதகுக்கட்டையில் மோதி, காறை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா அந்த சைக்கிள் நம்ம வீட்ல இருக்காது." சொன்னால் செய்கிறவள். வருஷத்துக்கு ஒரு தடவை கோடியக்கரை வரை மிதித்துப் போய், உப்பளத்தைத் தாண்டி நிற்கும் பூநாரைகளைப் பார்த்துவிட்டு வருவேன். அது இல்லாத வருஷத்தை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எலும்பு கூடி, இந்தத் தையில் மறுபடி நெல் ரோட்டுக்கு வந்த சமயம், அகலமான டயர் போட்டால் வழுக்காது என்று எங்கோ படித்தேன். தஞ்சாவூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் கையை விரித்துவிட்டார். இது ரிம் பிரேக் சைக்கிள், பிரேக்கின் வளைவு டயருக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது, அகல டயர் உள்ளே உரசும், பேசாமல் டிஸ்க் பிரேக் வண்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபத்தெட்டு மில்லிமீட்டரில் இரண்டு டயர் வாங்கிக்கொண்டு வந்து, வாசலில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

காற்றடித்த டயர் இரண்டு பிரேக் கட்டைகளுக்கும் நடுவில் நுழையவே இல்லை. காற்றை இறக்கி, சக்கரத்தைச் செருகி, மறுபடி பம்ப் அடித்தேன். பின்சக்கரம் சமர்த்தாகச் சுற்றியது. முன்னால்தான் வளைவு டயரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஒரு காகிதத்தை விட்டுப் பார்த்தேன், போயிற்று. போதும், மெக்கானிக்கை ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி.

மனைவி அப்போதுதான் வெறுங்காலால் நெல்லைத் துழாவிக் கிளறிவிட்டு வந்தாள். என்ன செய்கிறேன் என்று கேட்டாள், சொன்னேன். கணுக்காலில் ஒட்டியிருந்த நெல் ஒன்றை எடுத்தாள். பின்சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் நடுவில் அதை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினாள். அந்தப் பக்கம் வந்து விழுந்தது. முன்சக்கரத்தில் வைத்தாள். நெல் சிக்கியது, சக்கரம் நின்றுவிட்டது.

"ஒரு நெல்லு போவ எடமில்லாத சக்கரத்த வச்சிக்கிட்டு, நெல்லு கெடக்குற ரோட்ல போவப் போறீங்களா?"

மண் ஒட்டிய மணி ஒன்று டயரோடு மேலே ஏறியிருந்தால், ஓட்டத்தில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கும். நான் தலைகுப்புறப் போயிருப்பேன். காகிதத்தால் அளந்தேனே, நான் ஓட்டப்போகும் ரோட்டில் காகிதமா கிடக்கிறது? ஏழு வருஷமாகச் சைக்கிள் மிதிக்கிற எனக்குத் தோன்றாதது, சைக்கிளே ஏறாதவளுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. இன்றைக்கும் எனக்கு அந்தப் பிரமிப்பு அடங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை முன்சக்கரத்துக்கு இருபத்தைந்து வாங்கிவந்து போட்டேன். பின்னால் இருபத்தெட்டே இருந்தது. நெல் இரண்டிலும் தாராளமாகப் போனது. மெத்தென்று காற்று வைத்தேன்.

ஞாயிறு காலையில் அவள் மதகுப் பக்கம் வைக்கோலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மாடுகூட இல்லாத வீட்டில் இது என்ன வேண்டாத வேலை என்று கத்திவிட்டு, சைக்கிளை ரோட்டுக்குத் தள்ளினேன். வழக்கம்போல நெல்லைச் சுற்றிப் போகப் பார்த்தேன். அவள் குறுக்கே நின்றாள்.

"ஒதுங்கப் போயித்தான விழுந்தீங்க? மேலயே நேரா வாங்க."

நம் நெல்லின் மேலா என்று கேட்டேன். நம் நெல்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்றாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறி மிதித்தேன்.

சக்கரத்தடியில் நெல் சரசரத்தது. பழைய டயரில் இந்த இடத்தில் கை வெடவெடத்திருக்கும். இப்போது டயர் நெல்லுக்குள் அமிழ்ந்து, அதைப் பிடித்துக்கொண்டே போனது. முன்னால் இரண்டும் பின்னால் ஐந்தும் மில்லிமீட்டர் கூடியதற்கா இவ்வளவு! கண்ணில் நீர் கட்டிவிட்டது. மதகு வரை போய், மெதுவாக நிறுத்தி இறங்கினேன்.

அவள் டயர் போன தடத்தில் குனிந்து ஒரு நெல்லை எடுத்தாள். நகத்தால் உமியை உரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அரிசி முழுசாக இருந்தது. "ஒடையல," என்றாள். அவ்வளவு கனத்தோடு நான் ஏறிப் போயும் அந்தச் சின்ன மணியில் ஒரு விரிசல்கூட இல்லை.

அப்போதுதான் மதகுக்கட்டையைப் பார்த்தேன். என் தோள் மோதிய அந்த மூலையை மூடி, இடுப்பு உயரத்துக்கு வைக்கோல் கிடந்தது. அதற்குக் கீழே வாய்க்கால் சரிவு வரைக்கும் பரப்பியிருந்தாள். நேராக வரச் சொன்னவள், விழுந்தால் எங்கே விழுவேன் என்று விடிகாலையிலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். காலையில் கத்தியதற்காக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அவள் மறுபடி நெல்லைக் கிளறப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு கோடியக்கரைக்குப் போய்விட்டு வரட்டுமா என்று கேட்டேன். நெல்லைக் குவிப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். போய்விட்டு வெயில் தாழ வந்தேன். வைக்கோலை அவள் இன்னும் எடுக்கவில்லை.