மோன்ஜியின் ஒன்பதாம் எண்

எதிரே வருகிறவருக்கு சலாம் சொல்வதற்கு முன் மோன்ஜி அவர் தோளைப் பிடித்து வெயில் பக்கம் திருப்புவான். பிறகு தன் தலையைச் சாய்த்துக்கொண்டு, முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல அவர் கருவிழிக்குள் பார்ப்பான். "வலது பரவால்ல. இடதுல பால் கட்டுது. இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்" என்பான். அதற்கப்புறம்தான் வீட்டில் எல்லோரும் சுகமா என்ற விசாரணை. கல்யாண வீட்டிலும் இப்படித்தான், சாவு வீட்டிலும் இப்படித்தான். போன வருடம் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வாசலில் நின்ற இமாமையே திருப்பிவிட்டான். அவரும் பாவம், திரும்பி நின்றார்.

கண்ணில் புரை எடுத்தபின் உள்ளே வைக்கிற லென்சை விற்பது அவன் தொழில். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு இருபத்தாறு வருடமாக ஆள். அவன் அப்பா என் சித்தப்பாவின் கடைசி மகன். அந்த வழியில் எனக்கு மகன் முறை. வியாழக்கிழமைகளில் ஸ்ஃபாக்ஸில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க அவன் வண்டியில்தான் போவேன். பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். முன் இருக்கை லென்ஸ் பெட்டிக்கு. பெல்ட்டும் போட்டுவிடுவான். அவன் மனைவி நஜீபா எட்டு மாதக் கர்ப்பத்தோடு பின்னால் உட்கார்ந்தே ஸ்ஃபாக்ஸ் வரைக்கும் பிரசவத்துக்குப் போனவள். "பெட்டிக்கு வாந்தி வராது, எனக்கு வரும்னு சொல்லிப் பார்த்தேன் பெரியப்பா. ஜன்னல எறக்கிக்கோன்னு சொன்னாரு" என்று இன்றைக்கும் சொல்வாள்.

கோடையில் வண்டிக்குள் சூடேறும் என்று பெட்டியைக் கையோடு தூக்கிக்கொண்டுதான் காப்பிக் கடைக்குள் வருவான். அதற்கு ஒரு நாற்காலி தனியாக இழுத்துப் போடுவான். பரிமாறுகிறவன் பெட்டி முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போவான். மோன்ஜி அதில் கேலி எதையும் பார்ப்பதில்லை. பெட்டிக்குரிய மரியாதை என்று நினைத்துக்கொள்வான்.

எனக்கு ஊரில் எல்லோரையும் வீட்டு வழியாகத் தெரியும். யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், எந்தத் தோப்புக்காக எந்த அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை என்று மூன்று தலைமுறை சொல்வேன். மோன்ஜிக்கு எல்லோரையும் எண் வழியாகத் தெரியும். அறுவைக்கு முன் கண்ணை அளந்து ஒரு எண் எழுதுவார்கள். அந்த எண்ணுள்ள லென்ஸ்தான் அந்தக் கண்ணுக்குப் பொருந்தும். ஒருநாள் நான் சொன்னேன், ரொட்டிக்கடை அம்மார் இறந்துவிட்டான் என்று.

"எந்த அம்மார், பெரியப்பா?"

"கிணத்து வீட்டு ரெண்டாவது மருமகன்டா. அவன் அக்காவத்தான் ஜெர்பாவுல குடுத்திருக்கு."

அவன் கண்ணை மூடி யோசித்தான். "இருபத்திரண்டரை. வலது" என்றான். பிறகு தலையை ஆட்டினான். "பாவம். அருமையா உக்காந்த லென்ஸ். இன்னும் அம்பது வருஷம் ஓடியிருக்கும்."

எண்களில் அவனுக்கு ஏற்றத்தாழ்வு உண்டு. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்றால் அவனுக்குச் சந்தைக் கூட்டம். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குத்தான் சிறிய எண் வரும். பத்துக்குக் கீழே என்றால் பெரிய இடத்துச் சம்பந்தம் வந்ததுபோல எழுந்து நிற்பான். அவன் பெட்டியில் ஒரே ஒரு ஒன்பது, மூன்று வருடமாகக் கிடந்தது. வயசு வந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறவன்போல அதற்கு ஏற்ற கண் எங்கேயாவது இருக்கிறதா என்று போகிற ஊரிலெல்லாம் விசாரித்தான்.

அந்தக் கண் அவன் வீட்டிலேயே இருந்தது. அவன் மாமியார் மப்ரூகாவின் கண்.

மப்ரூகா கடற்பஞ்சு எடுக்கிறவர்களின் குடும்பம். என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அக்கா. அந்த வீட்டில் பரம்பரையாகவே ஒருவருக்கும் தூரத்தில் தெரியாது. அவள் அண்ணன் தன் கல்யாணத்தன்று மாமனார் என்று நினைத்து மேளக்காரன் கையை முத்தமிட்டவன். மப்ரூகாவுக்கு அந்தப் பார்வையின்மேல் புரையும் வந்து மூடிவிட்டது. போன மார்கழிக் குளிரில் வாசற்படியில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். டாக்டரம்மா ஹாஜர் பார்த்துவிட்டு, புரை கல்லாக இறுகி வருகிறது, கோடையைத் தாண்டவிட்டால் எடுப்பது ஆபத்து என்றார். நாள் குறித்தார். மப்ரூகா குளித்து, மருதாணி வைத்து, பட்டினி கிடந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் எண் லென்ஸ் கையிருப்பில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதம் மறுபடி மருதாணி, மறுபடி பட்டினி, மறுபடி இல்லை.

"நானென்ன செருப்பா வாங்க வந்தேன், அளவு இல்லன்னு அனுப்புறதுக்கு?" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று கேட்டாள்.

கேள்வி நியாயம்தான். பதில்தான் சுற்றுவழி. ஒவ்வொரு வருடமும் அரசு டெண்டர் விடும்போது, போன வருடம் எந்தெந்த எண் எத்தனை செலவானது என்று பார்த்துத்தான் கேட்பார்கள். ஒன்பது கையிருப்பில் இல்லாததால் யாருக்கும் வைக்கவில்லை. யாருக்கும் வைக்காததால் செலவில் ஏறவில்லை. செலவில் ஏறாததால் அடுத்த டெண்டரிலும் கேட்கவில்லை. ஆகவே காகிதத்தின்படி எங்கள் கரையோரத்தில் ஒன்பதாம் எண் கண்ணுள்ள மனிதரே கிடையாது. மப்ரூகா ஒருத்திதான் அந்தக் காகிதத்துக்கு அடங்காமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

டெண்டர் இந்த முறை மோன்ஜியிடமிருந்து கைநழுவியும் போயிருந்தது. ஒரு லென்சுக்கு முந்நூறு மில்லீம் காசு குறைத்துப் போட்டு வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பெனியின் ஆள் ஷாத்லி. ஷாத்லிக்குப் பெட்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே மோன்ஜிதான். கற்றுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அன்றிலிருந்து பதினோரு வருடம் மோன்ஜி அவன் பெயரை வாயால் சொன்னதில்லை. "அந்த இருபத்தொன்று" என்பான். டெண்டர் எடுத்தவர் லென்சைத் தவிர வேறு எதுவும் அரசு ஆஸ்பத்திரிக்குள் நுழையக்கூடாது. மோன்ஜியின் பெட்டிக்குத் தனியார் கிளினிக்குகள் மட்டுமே மிச்சம்.

கிளினிக்குக்குப் போகலாம் என்று மோன்ஜி மாமியாரிடம் சொல்லிப் பார்த்தான். அன்று நானும் அங்கே இருந்தேன். கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"மாமி, உங்க எண்ணு என் பெட்டியில இருக்கு. மூணு வருஷமா உங்களுக்காகவே உக்காந்திருக்கு."

"அங்கேயே உக்காரட்டும்" என்றாள் மப்ரூகா. "என் புருஷன் முதுகு வளையிற வரைக்கும் சம்பளத்துல ஆஸ்பத்திரிக்குன்னு புடிச்சாங்களே, அது எதுக்கு? அரசாங்கம் எடுக்கட்டும் என் புரைய."

"அரசாங்கத்துக்கிட்ட ஒன்பது இல்ல மாமி."

"வரும்போது வரட்டும். எவன் லென்ஸ வேணும்னாலும் வைங்க, இவன் லென்ஸ் மட்டும் வேண்டாம்." என் பக்கம் திரும்பினாள். சரியாகச் சொன்னால் தண்ணீர்ப் பானையின் பக்கம் திரும்பினாள். நான் அதற்குப் பக்கத்தில் இருந்தேன். "நீங்களே சொல்லுங்க மச்சான். இவன் லென்ஸ் என் கண்ணுல இருந்தா, வர்றவன் போறவனுக்கெல்லாம் என்ன இழுத்து வெச்சுக் காட்ட மாட்டானா? சட்டியில உப்பு கூடிருச்சுன்னு ஒரு வார்த்தை நான் வாயத் தெறக்க முடியுமா? என் லென்ஸ்லதான் பாக்குறீங்கன்னு சொல்லுவான்."

மோன்ஜி மறுக்கவில்லை. மறுத்திருந்தாலும் யாரும் நம்பியிருக்கமாட்டோம்.

ஸ்ஃபாக்ஸ் போகும் சாலையில், ஆட்டிறைச்சி சுடும் கடைகளுக்கு நடுவே ஒரு காப்பிக் கடை உண்டு. வியாழக்கிழமை காலையில் லென்ஸ் விற்கிறவர்கள் எல்லோரும் அங்கே வண்டியை நிறுத்துவார்கள். ஆஸ்பத்திரி நடையில் ஒருவரையொருவர் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள், இங்கே வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு "இருபத்தஞ்சு இருக்கா? பதினேழரை தர்றேன்" என்று கோலி மாற்றுகிறவர்கள்போல மாற்றிக்கொள்வார்கள். அரிதான எண்கள் எல்லாம் ஒருவரிடமே இருக்காது. இப்படி மாற்றிக்கொள்ளாவிட்டால் யார் தொழிலும் ஓடாது. கம்பெனி முதலாளிகளுக்கு இது தெரியாது, அல்லது தெரியாததுபோல இருக்கிறார்கள். மோன்ஜி எல்லோரோடும் மாற்றுவான், ஷாத்லியோடு மட்டும் கிடையாது.

அந்த வியாழக்கிழமை அவன் நேராக ஷாத்லியின் மேசைக்குப் போய்ப் பெட்டியை வைத்தான்.

"ஷாத்லி."

ஷாத்லி பின்னால் திரும்பிப் பார்த்தான், அந்தப் பெயரில் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று. "என்னையா கூப்பிட்டீங்க அண்ணே?"

"உன் டெண்டர்ல ஒன்பது இல்ல."

"இல்ல. வெளிநாட்டுலேர்ந்து வர நாலு மாசம் ஆகும்."

"என்கிட்ட ஒண்ணு இருக்கு."

"அது தெரியாத ஆளு யாரு? ஊர்வலம் விடாததுதான் பாக்கி."

"எடுத்துக்க. உன் கம்பெனி சீட்டுல எழுதி, உன் கையால ஆஸ்பத்திரியில குடு."

ஷாத்லி காப்பியைக் கீழே வைத்தான். "உடம்புக்கு என்னண்ணே?"

"எனக்கு ஒண்ணுமில்ல. என் மாமியாருக்கு." பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை ஷாத்லி சிரிக்காமல் இருந்தான். அதை நான் அவனுக்கு ஒரு நல்ல குணமாகவே எழுதி வைப்பேன்.

"பதிலுக்கு நான் என்ன தரணும்?"

"வாய மூடிக்க. அது போதும்."

"என் வாய நான் மூடிக்குவேன்" என்றான் ஷாத்லி. "உங்க வாய யாருண்ணே மூடுறது?"

பக்கத்து மேசைக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மோன்ஜி பெட்டியைத் திறந்து, அந்தச் சின்ன அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தான். கொடுத்தபின் அந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

அறுவை நாள்வரைக்கும் அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. கண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கே ஒன்பதில் போய் முடியுமோ என்று பயந்து, பேச்சையே விட்டுவிட்டான். ஒருநாள் நஜீபா என்னைத் தேடி வந்தாள். "நாலு நாளா அவரு யாரையும் வெயில்ல திருப்பல பெரியப்பா. நேத்து மீன்காரி தானா வந்து கண்ணக் காட்டுறா, எனக்கு வேலை இருக்குன்னு போயிட்டாரு. நெஞ்சு கிஞ்சு வலிக்குதா, கேட்டுச் சொல்லுங்க." வயிற்றுக் கோளாறு என்று சொல்லி அனுப்பினேன்.

ஷாத்லி கொடுத்த பெட்டியை டாக்டரம்மா ஹாஜர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே கம்பெனியின் பெயரைப் பார்த்தார். ஷாத்லியின் சீட்டைப் பார்த்தார். நடையில் சுவரோடு சுவராக நின்ற மோன்ஜியைப் பார்த்தார். "எண்ணு சரியா இருக்கு. சீல் உடையல" என்றார். "மத்த எழுத்தெல்லாம் படிக்கிறது என் வேலை இல்ல." ஆனாலும் அறுவை முடிந்ததும், பெட்டிக்குள் இருந்த, கம்பெனி பெயர் போட்ட ஒட்டுச்சீட்டை நோயாளி அட்டையில் உள்ளது உள்ளபடியே ஒட்டிக் கொடுத்தார். மப்ரூகாவுக்கு எழுத்து தெரியாது. நஜீபாவுக்குத் தெரியும். அவள் அட்டையை ஒருமுறை படித்தாள், புருஷனை ஒருமுறை பார்த்தாள், அட்டையைக் கைப்பையின் அடியில் போட்டு மூடினாள். என்னிடம் வயிற்றுக் கோளாறைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் காலை கட்டு அவிழ்த்தார்கள். மப்ரூகா எதிர்ச் சுவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "இந்தச் செவுத்துக்கு யாரும் வெள்ளையே அடிக்கிறதில்லையா?" என்றாள். மகளைப் பார்த்தாள். "ஏன்டி, எப்படி இவ்வளவு நரைச்சே? ஒரு வார்த்தை சொல்லல." என்னைப் பார்த்து, "மச்சான், நீங்களா? நான் உங்க அண்ணன்னு நெனச்சேன்" என்றாள். என் அண்ணன் போய் ஆறு வருடமாகிறது.

கடைசியில் மருமகனைப் பார்த்தாள். "பாத்தியா? அரசாங்க லென்ஸ். கண்ணாடி மாதிரி தெரியுது. நம்ம வீட்டுலயும் ஒரு பெட்டி இருக்கு, ராஜா மாதிரி முன் சீட்டுல போகுது. அதுல இப்படி ஒரு சரக்கு இருக்குமா?"

மோன்ஜியின் வாய் திறந்தது. இருபத்தாறு வருடமாக அந்த வாய் இப்படியொரு கேள்விக்காகவே காத்திருந்தது. நான் அவன் காலை மிதித்தேன். டாக்டரம்மாவும் அந்த நேரம் பார்த்து, "இடது கண்ணு அடுத்த மாசம். அதுக்கு ஒன்பதரை" என்றார். ஒன்பதரையும் மோன்ஜியின் கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும். போன வாரமே எழுதிப் போட்டுவிட்டான். வாய் மெல்ல மூடிக்கொண்டது.

"இருக்காது மாமி" என்றான்.

"இத யாரு குடுத்தது?" மப்ரூகா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ளையக் கூப்பிடுங்க. நெத்தியில முத்தம் குடுத்து துஆ செய்யணும். எந்த வீட்டுப் புள்ளை? அவன் மாமியாரு குடுத்து வெச்சவ."

ஷாத்லி வெளியே நடையில்தான் நின்றான், எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. மோன்ஜி வெளியே வந்ததும் ஷாத்லி ஓரடி பின்வாங்கினான்.

"என்னால முடியாதுண்ணே. வெக்கமா இருக்கு. நீங்களே உள்ள போயி உண்மையைச் சொல்லிருங்க. நான் வேணும்னா சாட்சி சொல்றேன்."

உள்ளேயிருந்து மப்ரூகாவின் குரல் வந்தது: "இன்னும் எங்க அந்தப் புள்ளை?"

ஷாத்லியின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. மோன்ஜி அதைப் பிரித்து ஒழுங்காக மடித்துவிட்டான். பிறகு அவன் முதுகில் கையை வைத்து உள்ளே தள்ளினான்.