பன்னிரண்டு நாள் விருந்தாளி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரர் தசரதன் போன செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். சரியாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

1974இல் வேலூர்ப் பக்கத்துத் தரும ஸ்தாபனம் ஒன்று புதூர்நாட்டுக்கு மேலே, மலையிலிருக்கும் எங்கள் ஊரில் புல்வேய்ந்த கொட்டகை போட்டு இலவசப் பள்ளிக்கூடம் தொடங்கியது. கோதுமை ரவை மூட்டைகளையும் வடிவு டீச்சரையும் ஒரே ஜீப்பில் அனுப்பினார்கள். பிள்ளைகள்தான் இல்லை. அவர்கள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். சமைப்பதோடு பிள்ளைகளைக் கூட்டிவருவதும் தசரதனின் வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

அவரும் மலைக்காரர்தான், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் பிறந்தவர். எங்கள் ஊரில் அவருக்கு உறவு கிடையாது. உறவில்லாதவர் வாசலில் வந்து உட்கார்ந்தால் விருந்தாளி. விருந்தாளிக்குப் போடாமல் வீட்டார் சாப்பிடக் கூடாது. படிப்பின் பெருமையை அவர் யாரிடமும் பேசியதில்லை. சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் போவார், உட்காருவார், சாப்பிடுவார். மறுநாளும் வருவார். பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் நாளே பிள்ளையை அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் அப்பா தீர்த்தகிரி அனுப்பவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. பதினான்கு ஆடுகளை நான்தான் மேய்த்தேன். நான் போய்விட்டால் பார்க்க ஆள் கிடையாது. தசரதன் பன்னிரண்டு நாள் வந்தார். அம்மா களி கிண்டினாள், கொள்ளுக் குழம்பு வைத்தாள். மழையைப் பற்றியும் புளி காய்ப்பைப் பற்றியும் பேசினார்கள். பன்னிரண்டாம் நாள் அம்மா கேழ்வரகுப் பானையைச் சாய்த்து அப்பாவுக்குக் காட்டினாள். அப்பா பானையைப் பார்த்தார், விருந்தாளியைப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் அப்பா என்னையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். சாப்பாட்டு வரிசையில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாங்க, இம்மாந்தூரம்?" என்றார் தசரதன்.

"நீ எங்க வூட்ல பன்னெண்டு நாளு சாப்ட்ட. எனக்குப் பன்னெண்டு நாளு இருக்குது. போடு."

தசரதன் இருவருக்கும் போட்டார். ரவை பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத்தான் வரும். ஆகவே அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் மத்தியானம் டீ மட்டும் குடித்தார்.

அப்பா மெதுவாகச் சாப்பிடுகிறவர். அவர் எழுந்திருக்கும்வரை எனக்கு வேலையில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு டீச்சர் நாளுக்கு ஓர் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் வாசலில் நின்று பார்த்தேன். நான்காம் நாள் உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஆடுகள் கூரைப் புல்லை எட்டியவரை தின்றன.

பன்னிரண்டாம் நாள் டீச்சர் 'ஔ' எழுதினார். அப்பா கை கழுவிவிட்டு, சாப்பிட்டதும் போட்டதும் சரியாகிவிட்டது, இனி வரமாட்டோம் என்றார். தசரதன் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பாப்பாவுக்கு இன்னும் ஒரு எழுத்து இருக்குதாம். டீச்சர் சொன்னாங்க."

அப்பா நின்றார். எந்த வேலையையும் அரைகுறையாக விடுவது அவருக்குப் பிடிக்காது.

"நாளைக்கும் வந்தா நாங்க அதிகமா தின்னதா ஆயிடும்."

"பாப்பா மட்டும் வரட்டும். ஞாயித்துக்கெழம நான் வந்து சாப்ட்டுக்கறேன்."

வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் அப்பா, "ஆட்ட நான் பாத்துக்கறேன். ஒரு நாளுதான்" என்றார்.

பதிமூன்றாம் நாள் ஆய்த எழுத்தைப் படித்தேன். பதினான்காம் நாள் டீச்சர் 'க்' எழுதினார். அதையும் சேர்த்து இன்னும் இருநூற்று முப்பத்துநான்கு எழுத்துகள் இருப்பதை யாரும் அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

தசரதன் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார், பதினைந்து வருஷம். வாணியம்பாடியில் நான் பி.ஏ. படித்தபோதும் வந்துகொண்டிருந்தார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா வழக்கமான அளவுக்கே களி கிண்டினாள். நாங்கள் சாப்பிட்டோம். மிச்சத்தை அப்பா தண்ணீரில் கரைத்து ஆடுகளுக்கு ஊற்றினார்.