கிணற்றடியில் புதைத்த பிரெஞ்சுத் தட்டுகள்

எங்கள் அப்பா பருத்தித்துறையில் பிறந்தவர். தகப்பனை இழந்து பதினேழு வயதில் கப்பலேறி, தங்கைமார் மூவரையும் கரைசேர்த்தார். ஊருக்கு அவர் முன்கோபி. என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. அவர் பெயரில் ஒரு பழி இருக்கிறது. அதைத் துடைக்காமல் இந்த நினைவு மலரை உங்கள் கையில் தர எனக்கு மனமில்லை.

மார்செய் துறைமுகத்துப் பழம்பொருட் கடையொன்றில் அவர் வாங்கிவந்த ஆறு பீங்கான் தட்டுகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பிரெஞ்சுச் சக்கரவர்த்தியின் போர்களைத் தீட்டிய, பொன் விளிம்புத் தட்டுகள். ஒன்றில் ஈட்டி ஏறிய குதிரை, இன்னொன்றில் காலிழந்த பீரங்கிக்காரன்.

"உதிலை எப்பிடிச் சோறு தின்னுறது?" என்பார் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே சுவரில் மாட்டுவார்.

எங்கள் முற்றத்தில் ஷெல் விழுந்து அடுத்த வீட்டு அண்ணை சிதறிப்போன அன்று, எல்லோரும் நகையைப் புதைத்தார்கள். அப்பா தட்டுகளை அம்மாவின் சேலையில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்தார். பிறகு ஓடினோம்.

ஆண்டுகள் கழித்துத் திரும்பினோம். இடையில் எங்கள் வீட்டு வளவு இராணுவ முகாமாக இருந்திருந்தது. வெடி அகற்றுபவர்கள் கிணற்றடியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி, ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார்கள். அப்பா பொறுக்கவில்லை. நாடாவைத் தாண்டிப்போய்க் கையால் மண்ணைக் கிளறினார். அம்மா சாக்கை விரித்தபடி அருகில் நின்றார்.

"விளிம்பு தட்டுப்படுது. வட்டமாய்த்தான் கிடக்கு."

"மெல்லமா எடுங்கோ, உடைச்சுப்போடாதேங்கோ."

அது மிதிவெடி. அப்பாவின் வலக்கை மணிக்கட்டோடு போனது. அம்மாவின் கழுத்து கிழிந்தது. என் தாவணியை வைத்து அமுக்கினேன். விரலிடுக்கால் இரத்தம் பீறிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா இறந்தார்.

அடுத்த மாதம் வெடி அகற்றுபவர்கள் ஆறு தட்டுகளையும் ஒரு கீறலுமின்றி எடுத்துத் தந்தார்கள். நாலடி தள்ளிக் கிடந்தனவாம். அப்பா இடக்கையால் ஒவ்வொன்றாகக் கிணற்றுக் கட்டின்மேல் அடித்து நொறுக்கினார். சில்லுப் பட்டு அந்தக் கைத் தோலும் கிழிந்து தொங்கியது. ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை.

"பீங்கானுக்கு ஆசைப்பட்டுப் பெண்சாதியைக் கொன்றவன்" என்று அம்மாவின் செத்தவீட்டிலேயே கதைத்தீர்கள். அப்பா படுக்கையில் விழுந்த கடைசி நாட்களிலும், "எல்லாம் என்ரை பிழை, பிள்ளை" என்றார்.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அம்மா இறந்த நாளுக்கு மறுநாள் என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வர இருந்தார்கள். "அந்தத் தட்டிலை பலகாரம் வைச்சுக் குடுத்தால்தான் நான் முன்னுக்கு வருவன்" என்று அழுது அடம்பிடித்தவள் நான். அப்பா அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. என் கணவரும் இதை இந்த மலரில்தான் முதன்முதலாக வாசிக்கிறார்.